மூடி வைத்தால் தூங்குமா? கரண்ட் போகும் ஊரில் லேப்டாப்பின் கதை

ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த விஷயம் இது. சோழர் வரலாறு, கல்வெட்டு என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இன்றைக்கு லேப்டாப் பேட்டரியின் வரலாறு. இதுவும் வரலாறுதான், அதுவும் நம்ம ஊர் வரலாறு. படித்து முடிக்கும்போது ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். :-)

முதலில் ஒரு சின்னக் கதை. என் பெரியம்மா வீடு திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. பெரியப்பா சிற்ப வேலை செய்பவர். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது, 2012இல், அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டுக்கு வந்தது. முதல்வர் படம் போட்ட பையோடு அக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. தொட்டால் அடி விழும்.

2014 தொடக்கம். அக்கா டிப்ளமோ கடைசி வருடம். புராஜெக்டுக்காக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து நான்கு சர்க்யூட் படங்கள் வரைந்தாள். வழக்கம்போல கரண்ட் போனது. பேட்டரியிலேயே வரைந்துகொண்டிருந்தாள். பேட்டரிக்கு இரண்டு வயது, அதனால் சீக்கிரமே 15 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 9 மணிக்குக் கரண்ட் வந்துவிடும் என்ற கணக்கில் சார்ஜரைச் செருகி, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அன்றைக்கு டிரான்ஸ்ஃபார்மரில் பழுது. கரண்ட் வந்தது மறுநாள் காலையில். திறந்து பார்த்தால் லேப்டாப் முதலிலிருந்து பூட் ஆகிறது. நான்கு படங்களும் போயே போச்சு. வரைந்த மென்பொருளில் தானாகச் சேமிக்கும் வசதியும் கிடையாது.

"மூடி வச்சா தூங்கும்னுதானேடா சொன்னாங்க?" என்று இன்றைக்கும் கேட்பாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

யாருக்காகச் செய்த ஏற்பாடு?

லேப்டாப்பில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வந்த முதல் பொதுவான ஏற்பாடு ஏபிஎம். 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்தன. இதில் அதிகாரம் பெரும்பாலும் பயாஸ் கையில் இருந்தது. பயாஸ் என்பது தாய்ப்பலகையிலேயே உட்கார்ந்திருக்கும், லேப்டாப் கம்பெனி எழுதிய சின்ன மென்பொருள். எப்போது திரையை அணைப்பது, எப்போது தூங்க வைப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே ஓடும் இயங்குதளத்துக்கு இதில் பேச்சு குறைவு. நீங்கள் முக்கியமான வேலையில் இருக்கிறீர்களா, சும்மா இருக்கிறீர்களா என்பது பயாஸுக்குத் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்க 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய தரத்தை வெளியிட்டன. இதில் முடிவெடுக்கும் வேலை இயங்குதளத்துக்கு வந்தது. லேப்டாப் கம்பெனி தன் இயந்திரத்தில் என்னென்ன இருக்கிறது, எதை எப்படி அணைப்பது என்று ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்துவிடும். இயங்குதளம் அதைப் படித்து நடத்திக்கொள்ளும்.

தூக்கத்துக்கும் வகை பிரித்தார்கள். நம் கதைக்கு இரண்டு போதும். எஸ்3 என்றால் ராம் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அணைப்பது. சில நொடிகளில் எழுந்துவிடும். எஸ்4 என்றால் ராமில் இருப்பதை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைவது. எழ நேரமாகும், ஆனால் பேட்டரியைக் கழற்றினாலும் வேலை போகாது. முதலாவதை சஸ்பெண்ட் என்கிறோம், இரண்டாவதை ஹைபர்னேட்.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. நடைமுறையில் லினக்ஸ்காரர்கள் படாத பாடு பட்டார்கள். பல கம்பெனிகள் அட்டவணையை எழுதி, விண்டோஸில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விற்றன. விண்டோஸ் பொறுத்துக்கொண்ட பிழைகளில் லினக்ஸ் தடுக்கி விழுந்தது. தூங்கப் போன லேப்டாப் எழவே எழாது!

இதில் ஒரு சுவாரசியமான ஆவணம் இருக்கிறது. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஆட்களுக்கு எழுதிய ஒரு மின்னஞ்சல், பிற்பாடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில் சாட்சி ஆவணமாக வெளியே வந்தது. ஏசிபிஐயை எப்படியாவது விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க முடியாதா, நாம் உழைக்க லினக்ஸ் சும்மா பலன் பெறுகிறதே என்ற ஆதங்கம்தான் அதன் சாரம். அப்படி எதுவும் அதிகாரபூர்வமாக நடக்கவில்லை. ஆனால் கம்பெனிகள் விண்டோஸில் மட்டும் சோதித்ததால் விளைவு ஏறக்குறைய அதே மாதிரி ஆனது.

லினக்ஸ் இதற்குக் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. "நீ எந்த இயங்குதளம்?" என்று அட்டவணை கேட்கும்போது, லினக்ஸ் கெர்னல் "நான் விண்டோஸ்தான்" என்று சொல்லிவிடும். உண்மையைச் சொன்னால் சோதித்தே பார்க்காத பாதையில் தள்ளிவிடுவார்கள் என்பதால், இன்றுவரை இந்தப் பொய் தொடர்கிறது. நம் லேப்டாப் நிம்மதியாகத் தூங்க ஒரு பொய் தேவைப்படுகிறது.

லினக்ஸ் கற்றுக்கொண்ட சிக்கனம்

2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தது. அடுத்த நான்கு வருடங்களில்தான் லினக்ஸ் மின்சாரத்தைச் சேமிக்க உண்மையாகக் கற்றுக்கொண்டது. மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பிராசஸரின் வேகம். வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம். எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று முடிவெடுக்கும் பகுதிக்கு கவர்னர் என்று பெயர். (நம்ம ஊர் கவர்னர் இல்லை!) 2004இல் இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பள்ளிபாடி எழுதிய ஆன்-டிமாண்ட் கவர்னர் கெர்னலில் சேர்ந்தது. வேலை வந்தவுடன் வேகத்தை உச்சிக்கு ஏற்றும், வேலை குறைந்தால் இறக்கும். பல வருடங்கள் பெரும்பாலான லினக்ஸ் லேப்டாப்களில் இதுதான் ஓடியது.

இரண்டு, கடிகாரத் துடிப்பு. ஆரம்பகால 2.6 கெர்னல் ஒரு நொடிக்கு 1000 தடவை பிராசஸரைத் தட்டி எழுப்பி "ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்கும். பாதித் தூக்கத்தில் இருப்பவரை நொடிக்கு 1000 தடவை எழுப்பினால் அவர் எங்கே தூங்குவது? 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 கெர்னலில், வேலை இல்லாத நேரத்தில் இந்தத் துடிப்பையே நிறுத்தும் வசதி வந்தது. அடுத்த மாதமே இன்டெல் பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டது. எந்த நிரல் நொடிக்கு எத்தனை தடவை பிராசஸரை எழுப்புகிறது என்று அது பட்டியல் போட்டுக் காட்டும். தங்கள் நிரலின் பெயரைப் பட்டியலின் மேலே பார்த்த பலர் வெட்கப்பட்டுத் திருத்தினார்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அதன் பெயர் லேப்டாப் மோட், 2004இல் வந்தது. ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருந்தால் மின்சாரம் செலவு. எனவே எழுத வேண்டியதையெல்லாம் ராமிலேயே சேர்த்து வைத்து, மொத்தமாக ஒரே தடவை எழுதிவிட்டு டிஸ்க்கை நிறுத்திவிடுவது. இதில் ஒரு ஆபத்து உண்டு. எழுதுவதற்குள் பேட்டரி போனால், சேர்த்து வைத்தது எல்லாம் போய்விடும். அதனால் அதன் விளக்கக் குறிப்பில் ஒரு அமைப்பு இருந்தது. பேட்டரி தீர்ந்தால் எத்தனை நிமிட வேலையை இழக்கத் தயார் என்பதை நீங்களே நொடிக் கணக்கில் எழுத வேண்டும். கொடுத்திருந்த அளவு 600, அதாவது 10 நிமிடம்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பேட்டரி அமைப்புகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் கேள்வி இதுதான். எத்தனை நிமிட உழைப்பை இழக்கத் தயார்? இந்தக் கேள்வியை நேர்மையாக மனிதரிடமே கேட்ட ஒரே அமைப்பு, நான் பார்த்த வரையில், இதுதான். மற்றதெல்லாம் நமக்காகத் தானே பதில் சொல்லிவிடுகிறது.

2012: லேப்டாப் வந்தது, கரண்ட் போனது

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

லினக்ஸ் நம் பக்கத்துக்குப் புதிது அல்ல. 2005இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை ஆதரவில், கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய ஆதார மையம் தொடங்கியது. சென்னை சீடாக்கும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து அதை நடத்தின. குரோம்பேட்டை இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்ததுதான் பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்பட இந்திய மொழிகளில் ஓடும். முதல் வெளியீடு 2007. அதே காலகட்டத்தில் எல்காட் நிறுவனமும் உமாசங்கர் தலைமையில் இருந்தபோது விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாறியது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து ஆண்டுகளில் சுமார் 68 லட்சம் லேப்டாப் என்பது இலக்கு. கொள்முதல் பொறுப்பு எல்காட்டுடையது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. உலகத்தில் வேறு எங்கே இத்தனை கிராமத்து வீடுகளுக்குள் ஒரே சமயத்தில் லினக்ஸ் நுழைந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஆனால் அதே காலத்தில்தான் கரண்டும் போனது. 2008 நவம்பரிலேயே பெரிய தொழிற்சாலைகளுக்கு மின்வெட்டு தொடங்கியிருந்தது. 2012இல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட் வரை போனது. அந்த வருடம் பிப்ரவரி 27 முதல் சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்கும் 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் என்று அறிவிக்கப்பட்ட வெட்டு. அது அறிவிப்பு. வருடக் கடைசியில் பல மாவட்டங்களில் 10 மணி நேரத்தையும் தாண்டியது. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் எல்லாம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான்.

யோசித்துப் பார்த்தால் மின்வெட்டும் பவர் மேனேஜ்மென்ட்தான். தேவை உற்பத்தியைவிட அதிகமானால் கிரிட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். ரொம்ப இறங்கினால் மொத்தமும் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஃபீடராக அணைக்கிறார்கள். முக்கியமில்லாததை முதலில் அணை. லேப்டாப்பில் லினக்ஸ் செய்வதும் இதேதான். ஒரே வித்தியாசம், எது முக்கியமில்லாதது என்ற பட்டியலில் லேப்டாப்பில் வைஃபை இருந்தது, கிரிட்டில் எங்கள் பெரியம்மா ஊர் இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. பெரியம்மா வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் கல்பாக்கம் பக்கத்து விளக்குகள் இரவில் தெரியும். அங்கே 1983இலும் 1985இலும் இயங்கத் தொடங்கிய இரண்டு அணு உலைகள், தலா 220 மெகாவாட். ஊருக்குப் பக்கத்திலேயே மின்சாரம் தயாராகிறது, ஊரில் இருட்டு! சின்ன வயதில் இது பெரிய அநியாயமாகத் தோன்றும். விவரம் தெரிந்த பிறகு புரிந்தது. அந்த மின்சாரம் நேராகப் பக்கத்து ஊருக்கு வருவதில்லை, கிரிட்டுக்குப் போகிறது. தமிழ்நாட்டுக்குத்தான் பெரும்பங்கு என்றாலும் மற்ற தென்மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. அப்படியே இரண்டு உலைகளும் முழுத் திறனில் ஓடினால்கூட 440 மெகாவாட். 4,000 மெகாவாட் பள்ளத்தில் அது ஒன்பதில் ஒரு பங்குதான். தென்னிந்திய கிரிட் மற்ற இந்திய கிரிட்டோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான். அதுவரை வடக்கிலிருந்து பெரிய அளவில் வாங்கவும் வழி குறைவு.

இன்னொரு விஷயம். கரண்ட் போனால் பெரியப்பாவின் கட்டிங் மெஷின் நின்றுவிடும். அவர் முனகிக்கொண்டே உளியும் சுத்தியலும் எடுத்துக்கொள்வார். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் அந்த நாட்களில் வெட்டு நேரம் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். மெஷின் இரைச்சல் நின்று உளிச் சத்தம் கேட்கும். வேலை மெதுவாகும், ஆனால் செதுக்கியது செதுக்கியதுதான், அழியாது. அக்காவின் வேலைக்கு அப்படி ஒரு உத்தரவாதம் இல்லை.

அக்காவின் கேள்விக்குப் பதில்

சரி, மூடி வைத்தால் தூங்கும் என்று சொன்னது பொய்யா? இல்லை. லேப்டாப் தூங்கத்தான் செய்தது. எஸ்3 தூக்கம். மூடியை மூடினால் சஸ்பெண்ட் என்பதுதான் பெரும்பாலான இயங்குதளங்களில் இயல்பான அமைப்பு. பேட்டரி அபாய அளவுக்கு வந்தால் ஹைபர்னேட் செய் என்று இன்னொரு அமைப்பும் உண்டு. ஆனால் அதைக் கவனிக்க வேண்டிய நிரலும் தூங்கிவிட்டதே! தூங்குகிறவர் விளக்கில் எண்ணெய் தீர்வதை எப்படிப் பார்ப்பார்? ராமைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கொஞ்சம் மின்சாரமும் நடுராத்திரியில் தீர்ந்தது. படங்கள் போயின.

இந்த அமைப்பு யார் மனதில் வைத்துச் செய்தது? விமானத்திலோ காஃபி கடையிலோ ஒரு மணி நேரம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை செய்பவரை. அவருக்குக் கரண்ட் எப்போதும் இருக்கிறது. பேட்டரி என்பது அவராக விரும்பி எடுத்துக்கொள்ளும் இடைவேளை. நம்ம ஊரில் கரண்ட்தான் இடைவேளை. பேட்டரியை 40க்கும் 80க்கும் நடுவில் வைத்தால் ஆயுள் கூடும் என்ற அறிவுரையும் அப்படித்தான். லித்தியம் பேட்டரிக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் அடுத்த சார்ஜ் எப்போது என்று தெரியாதவர் 80இல் நிறுத்துவாரா? 100 வரை ஏற்றத்தான் செய்வார், பேட்டரி சீக்கிரம் சாகத்தான் செய்யும்.

தீர்வு இருந்தது, அதுதான் வருத்தம். மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றியிருந்தால் போதும். அதற்கு ராம் அளவுக்கு ஸ்வாப் இடம் வேண்டும், அவ்வளவுதான். இரண்டையும் கலந்த ஒரு வழியும் உண்டு. முதலில் டிஸ்க்கில் எழுதிவிட்டு, பிறகு எஸ்3 தூக்கத்துக்குப் போவது. பேட்டரி தாங்கினால் சட்டென்று எழும், தாங்காவிட்டால் டிஸ்க்கிலிருந்து எழும். இந்த வசதி லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்தது எந்த வருடம் தெரியுமா? 2012! அக்கா கையில் லேப்டாப் வந்த அதே வருடம்.

லேப்டாப் வந்தது, லினக்ஸ் வந்தது, தமிழில் மெனுகூட வந்தது. 2012 ஜனவரியில்தான் கணியம் மின்னிதழும் தொடங்கி, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுத ஆரம்பித்தது. ஆனால் அந்தச் செய்தி அக்காவின் கிராமம் வரை வந்து சேரவில்லை. மின்வெட்டு அட்டவணை எல்லோருக்கும் மனப்பாடம். மின்வெட்டு நேரத்தில் லேப்டாப்பை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை. அமைப்பை மாற்றும் உரிமை அவள் கையில்தான் இருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதவருக்கு அந்த உரிமை எதற்கு?

இன்றைக்கு?

மின்வெட்டு 2014-15இல் படிப்படியாக முடிந்தது. லேப்டாப் திட்டம் கொரோனா காலத்தில் நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழக அரசு மறுபடி அறிவித்தது.

இதற்கிடையில் காற்று திசை மாறியிருக்கிறது. புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 தூக்கமே கிடையாது. போன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருக்கும் புதிய முறையைக் கம்பெனிகள் வைக்கின்றன. பைக்குள்ளேயே சூடாகிப் பேட்டரி தீர்ந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். ஹைபர்னேட் செய்யலாம் என்றால், செக்யூர் பூட் போட்டிருக்கும் பல லினக்ஸ்களில் 2019க்குப் பிறகு வந்த பூட்டு அதைத் தடுக்கிறது. பாதுகாப்புக்காகத்தான், காரணம் நியாயமானதே. ஆனாலும் 1992இல் பயாஸ் கையில் இருந்த முடிவு இயங்குதளத்துக்கு வந்து, அங்கிருந்து நம் கைக்கு வந்து, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே உங்கள் லேப்டாப்பில் பவர் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். மூடியை மூடினால் என்ன ஆகும், பேட்டரி அபாய அளவுக்கு வந்தால் என்ன ஆகும், இந்த இரண்டை மட்டும் பாருங்கள். ஹைபர்னேட் வேலை செய்கிறதா என்று முக்கியமில்லாத ஒரு ஃபைலைத் திறந்து வைத்துச் சோதித்துவிடுங்கள். புயல் சமயத்தில் நம் கடற்கரையில் இரண்டு மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போவது இன்றைக்கும் நடக்கிறதுதானே?

அக்காவின் அந்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது. போன மாதம் புது டெபியன் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டு, மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று வைத்துக் கொடுத்தேன். பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டதால் பிளக்கில்தான் ஓடும். அக்கா மகள் அதில் படம் வரைகிறாள். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணச் சொல்லி அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எந்த அமைப்பையும்விட அது நம்பகமானது!